கூப்பர் படுகையில் நம்ம பங்கு

பொன்னி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தபோது செந்தில்நாதனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. நாற்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மெல்பர்ன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் கணினிப் பிரிவுக்கு மேலதிகாரி. இப்போது பொயிண்ட் குக் புறநகரில் ஒரு மளிகைக் கடையில், டயர் கடை முனவ்வரின் கண்ணில் படாமல் இருப்பதற்காக ஒளிந்திருக்கிறான்.

முனவ்வர் நேராக அங்கேதான் வந்தார்.

"செந்தில் அண்ணன், கீழ என்னத்தத் தேடுறீங்க?"

"பருப்பு, பாய்."

"பருப்பு அங்கால. இது அரிசி."

"ஆமா. அரிசியும் வேணும்."

முனவ்வர் இலங்கையின் கிழக்கே கல்முனைக்காரர். நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. கெட்ட மனிதராக இருந்தால் செந்தில்நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான்.

"பொறகு, உங்கட எண்ணெய்க் கிணறெல்லாம் எப்பிடி?" என்றார் முனவ்வர்.

செந்தில்நாதன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அன்று காலை ரயிலில்தான் டிங்காரா பெட்ரோலியம் என்ற கம்பெனியின் காலாண்டு அறிக்கையைப் படித்திருந்தான். ஆஸ்திரேலியாவின் நடுவே பாலைநிலத்தில் இருக்கும் கூப்பர் படுகையில் அவர்களுக்கு உள்ள கிணறுகளில் எண்ணெய் உற்பத்தி மறுபடியும் குறைந்திருந்தது. மேலே வருவதில் முக்கால்வாசி தண்ணீர். கடைசிப் பக்கத்தில், 'முதலீட்டாளர்களின் கவலையைப் புரிந்துகொள்கிறோம்' என்று ஒரு வரி. அந்த வரிதான் அவனைக் கலக்கிவிட்டது. கம்பெனிக்கே கவலை புரிய ஆரம்பித்துவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் காரணம் அவன்தான். ஜெகதீஷ் வீட்டு கிரகப்பிரவேசத்தில், பந்தி போடுகிற நேரத்தில், யாரோ பெட்ரோல் விலையைப் பற்றி முணுமுணுத்தார்கள். செந்தில்நாதன் திருச்சியில் புவியியல் பட்டம் வாங்கியவன். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போன பிறகு, அதைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பு வந்தால் விடமாட்டான். சாம்பார் பாத்திரத்தைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டு தொடங்கினான்.

"கூப்பர் பேசின்னு ஒண்ணு இருக்கு. பேசின்னா கை கழுவுற பேசின் இல்லை. படுகை. இந்தப் பாத்திரம் மாதிரி பூமியில ஒரு பள்ளம். கோடிக்கணக்கான வருஷமா அதுல மண்ணும் மணலும் அடுக்கடுக்காப் படியுது. அந்த அடுக்குக்குள்ளதான் எண்ணெய்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டிங்காராவின் பங்கு இப்போது மலிவாக இருக்கிறது என்றும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் சொன்னான். முனவ்வர் தலையாட்டினார். ஜெகதீஷ் தலையாட்டினான். நர்ஸ் யோகா அக்காவும் தலையாட்டினார். அடுத்த சில வாரங்கள் பார்க்கிற இடத்திலெல்லாம் "வாங்கியாச்சா?" என்று கேட்டான். மூன்று பேரும் வாங்கியாச்சு என்றார்கள்.

வீட்டில் மனைவி பார்கவியிடமும் வாங்கச் சொல்லியிருந்தான். பார்கவி கணக்காளர். வங்கி, வரி, காப்பீடு எல்லாம் அவள் கையில்தான். பாத்திரம் அடுக்கிக்கொண்டே "ம்" என்றாள். செந்தில்நாதனின் வேலை ஃபோனில் விலையைப் பார்ப்பது மட்டும். அந்த விலை இறங்கத் தொடங்கியதிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை.

"அண்ணன்?" என்றார் முனவ்வர்.

"வெள்ளம் பாய்," என்றான் செந்தில்நாதன். "அந்தப் பக்கம் மழை. ரோடெல்லாம் மூழ்கிடுச்சு. லாரி போக முடியலை. அதனாலதான் உற்பத்தி கொஞ்சம் கம்மி. தண்ணி வடிஞ்சதும் ஏறிடும்."

"அப்ப பயப்பட ஒண்டும் இல்ல."

"ஒண்ணுமே இல்லை."

"சரி, நான் மத்தவங்களுக்கும் சொல்றன்," என்று சிரித்துவிட்டு முனவ்வர் பருப்புப் பக்கம் போனார்.

செந்தில்நாதன் தேவையில்லாத ஒரு மூட்டை அரிசியோடு வீடு திரும்பினான். ஒரு பொய் போய் மூன்று வீட்டுக்குப் பரவப்போகிறது.

"நம்மளை நம்பி வாங்கினவங்க பார்கவி," என்றான். "நம்ம காசு போனாக்கூடப் பரவாயில்லை."

"அதைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் பார்கவி.

"வித்துடலாம்னு சொல்லப் போறே. விக்கக் கூடாது. அவங்களை மாட்டி விட்டுட்டு நான் மட்டும் தப்பிச்சா அது அசிங்கம்."

பார்கவி எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு அரிசி மூட்டையைப் பார்த்தாள். "வீட்டுல ஏற்கெனவே ரெண்டு மூட்டை இருக்குங்க," என்றாள்.

அந்த மாதமே டிங்காராவின் ஆண்டுக் கூட்டம் நகரத்தில் நடந்தது. செந்தில்நாதன் விடுப்பு எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். மூன்று குடும்பங்களின் சார்பாகத் தலைவரிடம் நேருக்கு நேர் கேட்பது என்று முடிவு. வாசலில் இருந்த பெண் அவன் பெயரைக் கணினியில் தேடினாள். இல்லை. பார்கவியின் பெயரைச் சொன்னான். அதுவும் இல்லை.

"சில சமயம் தரகர் பெயரில் இருக்கும். நீங்கள் பார்வையாளராக உள்ளே உட்காரலாம்," என்று ஒரு ஸ்டிக்கரை நீட்டினாள். கோட்டின் மேல் 'பார்வையாளர்' என்று ஒட்டிக்கொண்டு உள்ளே போனான்.

தலைவர் பேசினார். படுகை நல்ல படுகை, பாறை நல்ல பாறை, கிணறுகள்தான் கொஞ்சம் ஒத்துழைக்கவில்லை என்பதுபோல் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் செந்தில்நாதன் எழுந்து நின்றான்.

"மன்னிக்கவும், பங்குதாரர்கள் மட்டும்," என்றார் தலைவர், ஸ்டிக்கரைப் பார்த்து.

நிறையத் தலைகள் திரும்பின. செந்தில்நாதன் காது சூடாகி உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியில் தொப்பியோடு இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இரக்கப்பட்டார். "என்ன கேட்கவேண்டும், சொல்லு. நான் கேட்கிறேன்."

"தண்ணீர் ஏன் இவ்வளவு?" என்று அவர் காதில் கிசுகிசுத்தான் செந்தில்நாதன்.

அந்தக் காது சரியில்லாத காது. பெரியவர் எழுந்து, கணீரென்ற குரலில், "இங்கே தண்ணீர் ஏன் இல்லை என்று இந்த விருந்தினர் கேட்கிறார்," என்றார்.

தலைவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அவசரமாக இரண்டு ஜாடிகள் வந்தன. முதல் கோப்பையை செந்தில்நாதனுக்கே கொடுத்தார்கள். அத்தனை பேர் பார்க்க அவன் அதை முழுக்கக் குடித்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: 'இன்று கூட்டத்தில் தண்ணீர்ப் பிரச்சினையை எழுப்பினோம். தலைவர் உடனடியாக நடவடிக்கை எடுத்தார்.'

மூன்று பேரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். ஜெகதீஷ் ஒருபடி மேலே போய், 'சூப்பர்ணா' என்று எழுதினான். அடுத்த வாரம் டிங்காரா தன் பெரிய கிணற்றை மூடுவதாக அறிவித்தது. பங்கு தரையில் கிடந்தது.

அதன் பிறகு செந்தில்நாதனால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒளிந்துகொள்ளவும் வெட்கமாக இருந்தது. கையால் ஏதாவது செய்து கழிக்கலாம் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை காலை புல்வெட்டும் இயந்திரத்தைக் காரில் போட்டுக்கொண்டு போய் முனவ்வர் வீட்டு முன் புல்லை வெட்டினான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி ஜலீலா, முதுகை மட்டும் பார்த்து, தப்பான வீட்டுக்கு வந்த ஆள் என்று நினைத்து, "நாங்க யாரையும் கூப்பிடல்லயே," என்றாள். ஜெகதீஷின் மாமனார் மாமியாரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தான். ஜெகதீஷும் அங்கே வந்திருந்தான். இரண்டு காரில் ஆளுக்கொருவராக அவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள்.

யோகா அக்காவின் காரைச் சர்வீசுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொடுத்த அன்றுதான் விஷயம் முற்றியது. யோகா அக்கா அவனைக் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்கு ஏதும் வருத்தமோ?"

யோகா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே வருத்தம் என்றால் நோய். பதினைந்து வருடமாக மெல்பர்னில் இருக்கும் செந்தில்நாதனுக்கு அது தெரியும். ஆனால் மனதில் அத்தனை பாரம் இருக்கும்போது அவன் காதில் விழுந்தது திருச்சி வருத்தம்தான். அக்கா எண்ணெயைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தான்.

"ரொம்ப வருத்தம் அக்கா," என்றான்.

"எப்ப துவங்கினது?"

"போன வருஷக் கடைசில. முதல்ல ஒண்ணுலதான் தண்ணி இருந்தது. இப்ப எல்லாத்துலயும் தண்ணி."

யோகா அக்காவின் முகம் மாறியது. "தண்ணி கட்டியிட்டுதோ? எடுக்கேலாதோ?"

"எடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. எடுக்க எடுக்க வருது."

"பார்கவிக்குத் தெரியுமோ?"

"தெரியும். அவகிட்ட இதைப் பத்தி நான் அதிகம் பேசறதில்லை."

"எவ்வளவு காலம் எண்டு சொல்லினம்?"

"மார்ச் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்ங்கிறாங்க. அதுக்கப்புறம் மூடிடுவாங்க."

யோகா அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தம்பி. நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

இவ்வளவு பெருந்தன்மையா என்று செந்தில்நாதன் கூனிக் குறுகிப்போனான்.

மறுநாளிலிருந்து யாரும் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. அது அவனுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. குழுவில் அவன் எது எழுதினாலும் கைகூப்பும் படம் வந்தது. ஜெகதீஷ் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் பழக்கூடை ஒன்றை வைத்துவிட்டு, கதவருகில் நின்று அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். கோபத்தை இப்படியும் காட்டுவார்களா என்று செந்தில்நாதன் யோசித்தான்.

பிறகு முனவ்வர் ஃபோன் செய்தார். "ஞாயித்துக்கிழம பகல் நம்மட வீட்டுக்கு வாங்க அண்ணன். எல்லாரும் வருவாங்க. கொஞ்சம் மனம் விட்டுக் கதைப்பம்."

அவர் குரலில் இருந்த மென்மை செந்தில்நாதனைப் பயமுறுத்தியது. விசாரணை என்று புரிந்துகொண்டான்.

"என்னங்க, போறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேனே," என்றாள் பார்கவி ஞாயிறு காலையில்.

"எதுவும் சொல்லாதே. தைரியம் போயிடும்," என்றான்.

முனவ்வர் வீட்டில் எல்லோரும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் பார்கவியோடு நுழைந்ததும் பேச்சு நின்றது. யோகா அக்கா எழுந்து தன் கதிரையை அவனுக்குக் கொடுத்தார். வீடு முழுக்கப் புரியாணி வாசனை. ஜலீலா சோறு குவித்த பெரிய சஹன் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். செந்தில்நாதன் முன்னால் மட்டும் ஒரு கிண்ணத்தில் கஞ்சியை வைத்தாள்.

"உங்களுக்கு இதுதான் அண்ணன்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

செந்தில்நாதன் கிண்ணத்தைப் பார்த்தான். சுற்றிலும் கோழித் துண்டுகள். தனக்குக் கஞ்சி. இத்தனை பேர் நடுவில் இப்படி ஒரு தண்டனையைக் கொடுக்க இவர்களால் எப்படி முடிந்தது? ஆனால் கொடுத்தது நியாயம்தானே என்றும் தோன்றியது. ஒரு கரண்டி குடித்தான். உப்பும் இல்லை.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றான். "நான் பேசின பேச்சைக் கேட்டுத்தான் நீங்க வாங்கினீங்க. அன்னைக்கு எனக்கு அந்தக் கம்பெனியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. காலேஜ்ல படிச்சதை வச்சுப் பெருமைக்குப் பேசினேன். பாய்கிட்ட வெள்ளம்னு சொன்னது பொய். கூட்டத்துல தலைவர் எடுத்த நடவடிக்கை, எனக்குக் குடிக்கத் தண்ணி கொடுத்தது. அவ்வளவுதான். உங்க உழைப்பெல்லாம் என்னால அந்த மண்ணுக்குள்ள போயிடுச்சு."

ஜெகதீஷின் கையில் கோழிக்கால் அப்படியே நின்றது.

யோகா அக்காதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப உங்களுக்குக் கான்சர் இல்லையோ?"

"எனக்கா?"

"எல்லாத்திலயும் தண்ணி எண்டு சொன்னனீங்கள், நான் நெஞ்சுக்குள்ள எண்டு நினைச்சன்."

"கிணத்துக்குள்ள அக்கா."

"மார்ச் மட்டும்தான் எண்டும் சொன்னனீங்கள்."

"கம்பெனி அக்கா."

முனவ்வர் இரண்டு கையாலும் முகத்தைத் தடவி, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். ஜலீலா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. வரும்போது ஒரு தட்டு கொண்டுவந்து, கஞ்சியை எடுத்துவிட்டுப் புரியாணியை மலையாக வைத்தாள்.

"இல்லை, எனக்கு வேண்டாம்," என்றான் செந்தில்நாதன். "உங்க நஷ்டத்துக்கு முதல்ல ஒரு வழி சொல்லுங்க."

முனவ்வர் கூரையைப் பார்த்தார். ஜெகதீஷ் தயிர்ப் பச்சடியைக் கிளறினான். கடைசியில் யோகா அக்கா பெருமூச்சு விட்டார்.

"தம்பி, நான் வாங்கேல்லை."

"வாங்கியாச்சுன்னு சொன்னீங்களே?"

"நீங்கள் காணுற நேரமெல்லாம் ஆசையாக் கேட்டனீங்கள். இல்லையெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

செந்தில்நாதன் ஜெகதீஷைப் பார்த்தான்.

"வீட்டு லோனே கழுத்தை நெரிக்குதுங்ணா," என்றான் ஜெகதீஷ் தட்டைப் பார்த்தபடி. "நான் எங்கீங்ணா வாங்கறது."

"பாய்?"

"நானும் இல்ல அண்ணன். ரெண்டு பேர்ட்ட விசாரிச்சன். வேணாம் எண்டுட்டாங்க."

"அப்புறம் ஏன் பாக்கும்போதெல்லாம் கிணறு எப்படி இருக்குன்னு கேட்டீங்க?"

முனவ்வர் சங்கடமாக நெளிந்தார். "நீங்க வேற ஒண்டும் கதைக்கிறல்லயே அண்ணன். பேச்சுக்கு என்னத்தக் கேக்குற?"

செந்தில்நாதன் உட்கார்ந்து புரியாணியைச் சாப்பிட்டான். நல்ல புரியாணி. ஆனால் ஒவ்வொரு கவளமும் இறங்கும்போது ஒரு புதிய வெட்கம் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அவன் பட்டது, ஊரைக் கெடுத்துவிட்டோமே என்ற வெட்கம். அதில் ஒரு பெரிய மனிதத்தனம் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது, ஊர் அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சாம்பார் ஆறுகிறதே என்று தலையாட்டியிருக்கிறார்கள். இது சின்ன வெட்கம். சின்னதுதான் அதிகம் உறுத்தியது.

திரும்பும்போது பார்கவிதான் கார் ஓட்டினாள். வெயில் சாய்ந்திருந்தது. ஏரிக்கரைப் பக்கம் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். செந்தில்நாதன் ஜன்னலை இறக்கினான்.

"ஒருத்தர்கூட நம்பலை, பாரு," என்றான்.

"நல்லவங்கங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"தெரியுது. எனக்குக் கோபம் இல்லை." நிமிர்ந்து உட்கார்ந்தான். குரலில் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியிருந்தது. "ஆனா ஒண்ணு பார்கவி. யார் நம்பாட்டியும் நான் நம்பினேன். மத்தவங்களுக்குச் சொன்னதை நானும் செஞ்சேன். கூப்பர் படுகையில நம்ம பங்கு இருக்கு. அது ஒண்ணுமில்லாமப் போனாலும், சொன்ன சொல்லுக்கு நான் ஒருத்தனாவது நின்னேன்னு இருக்கும்ல. அந்த மானம் போதும் எனக்கு."

பார்கவி சிக்னல் போட்டு, காரை மெதுவாக ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள். "நானும் வாங்கலை."